சிலந்திக்கு வைக்கும் பெயரில் என்ன இருக்கிறது? மட்டக்களப்பின் பெயரையும் வைக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: குசினிச் சுவரில், வயிற்றின் கீழே வெள்ளைத் தட்டு ஒன்றைப் பிடித்தபடி நின்ற பெரிய சிலந்தியைப் படம் எடுத்துச் செயலியில் போட்டாராம். "ஹெட்டெரோபோடா வெனட்டோரியா (லின்னேயஸ், 1767)" என்று விடை வந்திருக்கிறது. இதற்கு என்ன பொருள், அடைப்புக்குறி எதற்கு, இப்படிப் பெயர் வைப்பவர்கள் யார், எங்கள் பக்கத்தில் புதிதாக ஒன்று அகப்பட்டால் மட்டக்களப்பின் பெயரை வைக்க முடியுமா என்கிறார். நான்காகக் கேட்டாலும் உள்ளே இருப்பவை இரண்டு கேள்விகள்தான். ஒரு பெயரைப் பார்த்து அந்த உயிரைப் பற்றி எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஒன்று. பெயர் வைக்கும் உரிமை யாருடையது என்பது மற்றது. இரண்டாவதற்குச் சுருக்கமான விடை உண்டு: உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் வேலை அதிகம். முதலாவதற்குத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

இலங்கைப் பாடப்புத்தகங்களில் இருசொற் பெயரீடு என்று படித்திருப்பீர்கள். முதற்சொல் சாதியையும் இரண்டு சொற்களும் சேர்ந்து இனத்தையும் குறிக்கும். தமிழ்நாட்டு நூல்களில் இவற்றைப் பேரினம், சிற்றினம் என்பார்கள். உங்கள் சிலந்தியின் முதற்சொல்லான ஹெட்டெரோபோடா கிரேக்கம். 'ஹெட்டெரோஸ்' என்றால் வேறான, 'போடா' என்பது கால். கால்கள் ஒரே அளவாக இல்லாததை வைத்து வந்த பெயராகக் கொள்கிறார்கள். வெனட்டோரியா இலத்தீன்: வேட்டைக்குரியது, வேட்டையாடுவது. இந்தச் சிலந்தி வலை கட்டிக் காத்திருப்பதில்லை. இரவில் சுவரில் இறங்கிக் கரப்பானையும் பூச்சியையும் பாய்ந்து பிடிக்கும். அந்த அளவில் பெயர் சரியாகவே பொருந்துகிறது. வயிற்றின் கீழே நீங்கள் கண்ட வெள்ளைத் தட்டு முட்டைப்பை. அதைச் சுமப்பது பெண்.

அடைப்புக்குறிக்கு வருவோம். இயற்கையியலாளரான லின்னேயஸ் 1767இல் இதற்கு இட்ட பெயர் அரேனியா வெனட்டோரியா. அவர் சிலந்திகள் அத்தனையையும் அரேனியா என்ற ஒரே சாதிக்குள் போட்டார். பிறகு லாட்ரெய் என்ற பிரெஞ்சுக்காரர் 1804இல் ஹெட்டெரோபோடா என்ற சாதியை உண்டாக்க, இந்த இனம் அங்கே போனது. முதலில் பெயரிட்டவர் வைத்த சாதியிலிருந்து இனம் வேறு சாதிக்கு மாறியிருந்தால் அவருடைய பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பது விதி. மாறாமல் அதே சாதியில் இருந்தால் அடைப்புக்குறி இல்லை. 'ஆர்ஜியோபே தப்ரோபானிகா தோரெல், 1887' என்று வெறுமனே எழுதுவது அதனால்தான். பெரும்பாலானோர் இந்த வாலைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பெயரின் பொருளைவிடப் பயன் உள்ள பகுதி அதுதான். முதல் விவரிப்பு எங்கே, எந்த ஆண்டில் அச்சானது என்று தேடிப் போகும் விலாசம் அது.

விலங்குப் பெயர்களுக்கு 1758ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியே தொடக்கம். அதற்கு முந்திய பெயர்கள் செல்லாது. இதற்குச் சிலந்திகளில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த கார்ல் கிளெர்க் 1757இல் தன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அந்த நூலில் உள்ள பெயர்கள் செல்லும் என்றும் லின்னேயஸின் பெயர்களுக்கு முந்தியவை என்றும் சர்வதேச விலங்குப் பெயரீட்டு விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. சிலந்திப் பெயர்களின் பின்னால் 1757 என்ற ஆண்டைக் கண்டால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

இனி, பெயரைப் படிக்கும் முறை. அகராதி இல்லாமலே பாதி பிடிபடும், சொல்லின் முடிவைக் கவனித்தால் போதும். போல்கஸ் செய்லோனிகஸ், டெட்ராக்னாதா செய்லோனிகா என்று இரண்டு சிலந்திகள் உண்டு. இரண்டுக்கும் பெயரிட்டவர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே: பிக்கார்ட் கேம்பிரிட்ஜ், 1869. இரண்டின் பொருளும் 'இலங்கையின்' என்பதே. பிறகு ஏன் ஒன்றில் 'கஸ்', மற்றதில் 'கா'? போல்கஸ் ஆண்பால், டெட்ராக்னாதா பெண்பால். இனச்சொல் பண்புச்சொல்லாக இருந்தால் அது சாதிப் பெயரின் பாலை ஒட்டி முடிய வேண்டும்: ஆண்பாலுக்கு 'உஸ்', பெண்பாலுக்கு 'ஆ', இரண்டும் அல்லாததற்கு 'உம்'. உயிருள்ள சிலந்தி ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இலக்கணப் பால் மட்டுமே. ஓர் இனத்தைச் சாதி மாற்றும்போது அதன் முடிவும் மாறிவிடலாம். பழைய நூலில் ஒரு முடிவும் புதிய பட்டியலில் வேறு முடிவும் கண்டு குழம்புவோர் பலர். இரண்டும் ஒரே சிலந்தியாக இருக்கக்கூடும்.

இதே இரண்டு பெயர்களில் இன்னொரு பாடமும் உண்டு. இலங்கையின் பெயர் தாங்கிய டெட்ராக்னாதா செய்லோனிகா ஆபிரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. மறுபக்கம், யாவாவின் பெயர் தாங்கிய டெட்ராக்னாதா யவானா எங்கள் வயல் வட்டைகளில் நெற்பயிருக்கு இடையே கால்களை நீட்டிக் குச்சிபோல ஒட்டிக் கிடக்கும். ஊர்ப்பெயர் சொல்வது முதல் மாதிரி எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே. அந்தச் சிலந்தி வேறு எங்கும் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. "பெயரில் இலங்கை இருக்கிறது, ஆகவே இது எங்கள் நாட்டுக்கே உரியது" என்று பாடசாலைச் செயற்றிட்டங்களில் எழுதுகிறார்கள். அப்படி எழுதும் முன் பரம்பலைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆட்களின் பெயரை வைக்கும்போது 'உடைய' என்ற வேற்றுமைப் பொருளில் முடிவு சேரும். ஓர் ஆணுக்கு 'இ', ஒரு பெண்ணுக்கு 'ஏ', ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 'ஓரும்', பெண்களுக்கு 'ஆரும்'. வறண்ட வலயத்தின் முட்புதர்களில் பல சிலந்திகள் ஒன்றாகக் கூடி, காய்ந்த இலையும் பூச்சி ஓடும் கலந்து அழுக்கு நிறத்தில் பெரிய பட்டுக்கூடு கட்டும் ஸ்டெகோடைபஸ் சரசினோரும் இதற்கு நல்ல உதாரணம். முடிவில் 'ஓரும்' இருப்பதால் ஒருவர் அல்ல, சரசின்கள் இருவர் என்று தெரிகிறது. போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற சுவிட்சர்லாந்து உறவினர் இருவர் 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி உயிரினங்களைச் சேர்த்தார்கள். வேடர் சமூகத்தைப் பற்றியும் விரிவாக எழுதினார்கள். அவர்கள் கொண்டுபோன சிலந்திகளை கார்ஷ் என்பவர் ஆராய்ந்து 1892இல் இந்தப் பெயரை இட்டார். எங்கள் மண்ணின் புதரில் இருக்கும் ஒரு சிலந்திக்கு இரு வெளிநாட்டவர் பெயர் வந்த வழி இதுதான். அன்று சேகரித்தவர்களும் எழுதியவர்களும் அவர்களே. காட்டைக் காட்டிக் கொடுத்த ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

ஆனால் வழக்கம் மாறிக்கொண்டிருக்கிறது. மாங்குளம் பகுதியில் கிடைத்த பெரிய மரச்சிலந்திக்கு 2012இல் போசிலோதீரியா ராஜாயி என்று பெயர் இட்டார்கள். அங்கே ஆய்வுக் குழுவுக்குத் துணை நின்ற ஒரு பொலிஸ் அதிகாரியின் நினைவாக வைத்த பெயர் அது. போசிலோதீரியா என்ற சாதிப் பெயருக்குப் பல நிறம் கொண்ட விலங்கு என்று பொருள். நம்மவர் புலிமுகச் சிலந்தி என்று அஞ்சும் கூட்டம் இதுதான். அதே சாதியில் இராமேசுவரத்தில் கிடைத்து 2004இல் பெயர் பெற்ற ஹனுமவிலாசுமிகா, அங்குள்ள ஒரு கோயிலின் பெயரைத் தாங்கியது. பிறகு மன்னாரிலும் அதைக் கண்டார்கள். 

ஓர் ஆளின் பெயர் சாதிப் பெயராகவும் வரலாம். அப்போது முடிவு வேறு மாதிரி. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த த்வெயிட்ஸின் பெயரால் 1881இல் வந்தது த்வெயிட்சியா. அதில் உள்ள த்வெயிட்சியா மார்கரிட்டிபெரா என்ற சிறு சிலந்தியின் வயிற்றில் வெள்ளிச் சில்லுகள் பதித்ததுபோலப் பளபளக்கும். மார்கரிட்டிபெரா என்றால் முத்துச் சுமப்பது. உருவத்தைக் கண்முன் கொண்டுவரும் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பெயரிட்ட பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் இருந்த பாதிரியார். கையில் கிடைத்த மாதிரிகளை வைத்தே இலங்கைச் சிலந்திகள் பலவற்றுக்குப் பெயர் தந்தார்.

மூன்று வகை முடிவுகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஓனோமாஸ்டஸ் என்ற பாயும் சிலந்திச் சாதியை எடுங்கள். இலங்கை ஆய்வாளர்கள் 2016இல் அதில் மூன்று புதிய இனங்களை வெளியிட்டார்கள்: கோர்பெட்டென்சிஸ், மஸ்கெலியா, ஜேம்ஸ்டெயிலரி. முதலாவதில் 'என்சிஸ்' என்பது 'அந்த இடத்தைச் சேர்ந்த' என்னும் பண்புச்சொல். இரண்டாவது மஸ்கெலியா என்ற ஊர்ப்பெயரே, முடிவு எதுவும் சேராமல் பெயர்ச்சொல்லாக அருகில் வைத்தது; சாதி எந்தப் பால் ஆனாலும் அது மாறாது. மூன்றாவது, தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெயிலருக்கு உரியது. மட்டக்களப்புக்கு என்ன வடிவம் பொருந்தும் என்று பிறகு பேசும்போது இந்த மூன்றும் உதவும்.

உடலைச் சொல்லும் பெயர்கள் எளிமையானவை, ஆனால் ஏமாற்றவும் செய்யும். வேலியோரம் சிறு வட்ட வலையின் நடுவில் முள்முள்ளாக நிற்கும் காஸ்டெராகாந்தா நேரடியான பெயர்: காஸ்டெர் வயிறு, அகாந்தா முள். டெட்ராக்னாதா என்பது நான்கு தாடை. உண்மையில் தாடை இரண்டுதான். மிக நீண்டிருப்பதால், அருகில் உள்ள உறுப்புகளோடு சேர்ந்து நான்காகத் தோன்றும். நெபிலா பிலிபெஸ் என்ற பெரிய பொன்வலைச் சிலந்தியில் பிலிபெஸ் என்றால் மயிர்க்காலி. முதிர்ந்த பெண்ணைப் பார்த்தால் கண்ணில் முதலில் படுவது முதுகின் மஞ்சள் கோடுகளே தவிர மயிர் அல்ல. பெயரிட்டவர் கையில் இருந்த மாதிரியில் எது எடுப்பாகத் தெரிந்ததோ அது பெயராகிவிடும். நெல் வயலில் தண்ணீருக்கு மேலே ஓடித் தத்திகளைப் பிடிக்கும் பார்டோசா சூடோஅனுலாட்டாவைப் 'போலி வளையம் உடையது' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. 'சூடோ' இப்படிப் பெயருக்கு முன் வரும்போது வழக்கமாக இன்னோர் இனத்தின் பெயரைச் சுட்டும். அனுலாட்டா என்று ஏற்கனவே பெயர் பெற்ற ஒன்றைப் போல இருந்தும் அதுவல்ல என்பதே கருத்து. வளையம் போலியானது என்பதல்ல.

இங்கேதான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்லின் மூலம் உறுதியாகத் தெரிந்தாலும், அந்தச் சொல்லை ஏன் தேர்ந்தார் என்பது பல பெயர்களில் ஊகம்தான். இன்று புதிய இனத்தை வெளியிடுபவர்கள் பெயர்க் காரணம் என்று தனியாக ஒரு பத்தி எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழக்கம் பரவலாக இல்லை. மாமரத்து முசுறை அச்சாக ஒத்திருக்கும் மிர்மராக்னே பிளாட்டலியோய்டெஸை எடுங்கள். மிர்மராக்னே என்றால் எறும்புச் சிலந்தி. இதில் ஐயமே இல்லை. பிளாட்டலியா என்பது கரண்டிவாயன் பறவையின் சாதிப் பெயர், 'ஓய்டெஸ்' என்றால் போன்றது. இதிலும் ஐயம் இல்லை. ஆண் சிலந்தியின் நீண்டு முனை தடித்த தாடையைப் பார்த்துத்தான் அந்தப் பறவையின் நினைவு வந்தது என்பது மட்டும் ஊகம். குமணையில் கரண்டிவாயனையும் மாமரத்தில் இந்த ஆணையும் பார்த்தவர்களுக்கு அது நல்ல ஊகமாகவே படும். 2016இல் இதற்கு மிர்மாபிளாட்டா என்று புதுச் சாதி வகுத்தார்கள். ஆகவே புதிய பட்டியல்களில் மிர்மாபிளாட்டா பிளாட்டலியோய்டெஸ் என்றே காண்பீர்கள்.

ஆர்ஜியோபே அனசுயாவும் அப்படியே. வலையின் நடுவே வெள்ளைப் பட்டில் பெருக்கல் குறிபோலப் பின்னி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அதன்மேல் நிற்பது இது. சுவீடன்காரரான தோரெல் 1887இல் இட்ட பெயர். சுவீடன் எழுத்து வழக்கில் யகர ஒலிக்கு வேறு எழுத்து வருவதால் ஆங்கிலம் பழகியவர்கள் இதை 'அனசுஜா' என்று வாசிக்கிறார்கள். அத்திரி முனிவரின் மனைவி அனசூயையின் பெயராக இருக்கலாம் என்பது பொருத்தமான வாசிப்பு, அவ்வளவே. இலாட்ரோடெக்டஸ் என்ற நச்சுச் சிலந்திச் சாதிக்கு இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன: கொள்ளைக்காரன்போலக் கடிப்பது என்று ஒன்று, மறைந்திருந்து கடிப்பது என்று மற்றது. வேர்ச்சொல்லை எந்த மொழியில் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் வரும். அந்தச் சாதியில் இலங்கையிலிருந்து 1991இல் பெயர் பெற்ற எரித்ரோமெலாஸில் இந்தச் சிக்கலே இல்லை. சிவப்பு, கறுப்பு என்ற இரு கிரேக்கச் சொற்கள் அதில் வெளிப்படையாக நிற்கின்றன.

பொருளே தேவையில்லாத பெயர்களும் செல்லும். இலங்கையின் மிகச் சிறிய தரைச் சிலந்திகள் சிலவற்றுக்கு 2018இல் ஸ்னூக்கி, டம்பி, டிக்கி என்று குழந்தைக் கதைகளின் குட்டிப் பூதங்களின் பெயர்களை வைத்தார்கள். நீண்ட கால் கொண்ட வன்னியலா என்ற சாதியில் முதிதா, உபேக்கா என்று பாளிச் சொற்கள் இருக்கின்றன. வன்னியலா என்ற சாதிப் பெயரே வேடர் தம்மைக் குறிக்கும் 'வன்னியல எத்தோ'விலிருந்து வந்தது. வாகரைக் கரையோர வேடர் வாழும் மாவட்டத்தில் இருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அம்பாறை எல்லையை ஒட்டிய சியம்பலாண்டுவைப் பக்கத்துக் கோவிந்தஹெல மலையின் பெயரும் 2019இல் பெலிசானா கோவிந்தஹெல என்று ஏறிவிட்டது. எந்த மொழிச் சொல்லும் வரலாம். தமிழ்ச் சொல்லுக்குத் தடையே இல்லை.

செயலி சொன்ன பெயரை எவ்வளவு நம்பலாம்? ஹெட்டெரோபோடா வெனட்டோரியா போன்ற பெரிய வீட்டுச் சிலந்தியை, கண்களுக்குக் கீழே குறுக்கே ஓடும் வெளிர் பட்டை தெளிவாகத் தெரியும் படம் இருந்தால், பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். நீண்ட தாடைச் சிலந்திகளிலும் கூரை மூலையில் ஆடும் நெடுங்கால் சிலந்திகளிலும் படம் சாதி வரைதான் உதவும். அதற்கு மேல் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். செயலி ஓர் இனப்பெயரை உறுதியாகக் காட்டினாலும், அதைச் சாதி அளவில் எடுத்துக்கொள்வதே நல்லது.

இப்போது மட்டக்களப்பின் பெயர். உலகச் சிலந்திப் பட்டியலில் ஏறிய இனங்கள் 2022 ஏப்ரலில் 50,000ஐத் தாண்டின. இன்னும் பெயர் இல்லாதவை ஏராளம். கிழக்கின் கண்டற்காடுகளும் குடும்பிமலைப் பக்கத்துக் காடுகளும் நன்றாகத் தேடி முடித்த இடங்கள் அல்ல. ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் முதற்படி சிலந்தியைப் பிடிப்பது அல்ல, அனுமதி. வளவில் நின்று படம் எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆய்வுக்காக மாதிரி சேர்ப்பதற்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இடம் காடாக இருந்தால் வனபரிபாலனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்புவது இன்னொரு அனுமதி. போசிலோதீரியா சாதி முழுவதும் 2019 முதல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொடாமல் விடுங்கள். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். தனியாள் இந்த அனுமதிகளைப் பெறுவது கடினம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிலோ, கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திலோ உள்ள ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்வதுதான் நடைமுறை.

மாதிரி முதிர்ந்த சிலந்தியாக இருக்க வேண்டும். குஞ்சை வைத்துப் புதிய இனம் என்று நிறுவுவது அநேகமாக முடியாத காரியம். வாயருகே உள்ள உணர்கொம்பு போன்ற சிறு கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல வீங்கியிருந்தால் அது முதிர்ந்த ஆண். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் முன்பக்கம் கடினமான கருந்தகடு தெரியும். உயிரோடு இருக்கும்போதே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்துக்கு நேரேயும் வயிற்றடியிலும் படம் எடுங்கள், வலையையும் எடுங்கள். மதுசாரத்தில் பச்சையும் மஞ்சளும் வேகமாக மங்கிவிடும். உருவ ஆய்வுக்கு 70 முதல் 80 சதவீத எதனோல் போதும். அதற்குக் குறைந்தால் உடல் அழுகும். மரபணுவுக்கு 95 சதவீதத்துக்கு மேல் வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். ஆனால் அதில் கிடக்கும் உடல் விறைத்து, கால்கள் தொட்டால் ஒடியும். அதனால் ஒரு காலை மட்டும் பிரித்து அதில் போட்டு, உடலை 80இல் வைப்பவர்கள் உண்டு. போர்மலின் வேண்டவே வேண்டாம். உடலைக் கடினமாக்கி மரபணுவையும் கெடுத்துவிடும். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் சாயமோ வேறு கலப்போ இருக்கலாம், போத்தலைப் படித்து வாங்குங்கள்.

விவரம் எழுதிய சீட்டு, மாதிரியை இட்ட குழாய்க்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே ஒட்டினால் மதுசாரம் வழிந்து ஒரு மாரிக்குள் கழன்றுவிடும். குமிழ்முனைப் பேனை மை கரைந்து போகும், பென்சிலால் எழுதுங்கள். நாடு, மாவட்டம், ஊர், ஆள்கூறு, கடல்மட்டத்திலிருந்து உயரம், திகதி, சேர்த்தவர் பெயர், எதன்மேல் எப்படி இருந்தது என்பது அனைத்தும் வேண்டும். "மட்டக்களப்பு" என்று மட்டும் எழுதிய சீட்டு பயனற்றது. அந்த ஒரு சொல்லுக்குள் வாவியும் மணற்கரையும் வயலும் காடும் அடங்கிவிடுமே. ஒரு குழாயில் ஒரே இடத்தில் ஒரே நாளில் பிடித்தவை மட்டும் இருக்கட்டும். பஞ்சை நேராகச் சிலந்தியின் மேல் திணித்தால் நகங்கள் சிக்கிக் கால் பிடுங்கும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பாரம் வரும்: இது புதியதுதானா என்று நிறுவுவது. அந்தச் சாதியில் இதுவரை பெயர் பெற்ற ஒவ்வோர் இனத்தின் விவரிப்பையும் படத்தையும் எடுத்து ஒப்பிட வேண்டும். பேர்ண் நகர இயற்கை வரலாற்று நூதனசாலை நடத்தும் இணையப் பட்டியலில் பதிந்துகொண்டால் பெரும்பாலான பழைய கட்டுரைகளைப் படிக்கலாம். எழுத்தும் கோட்டோவியமும் போதாத இடத்தில் மூலமாதிரியையே, அதாவது முதலில் பெயரிட்டவர் அடிப்படையாகக் கொண்ட மாதிரியையே, பார்க்க வேண்டும். இலங்கையின் பழைய மூலமாதிரிகள் இலங்கையில் இல்லை. பிக்கார்ட் கேம்பிரிட்ஜின் சேகரிப்பு ஒக்ஸ்போர்டில், கார்ஷ் ஆராய்ந்தவை பெர்லினில். எழுதிக் கேட்டால் படம் அனுப்புவார்கள், ஆய்வாளருக்கு இரவலும் கிடைக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பதால்தான் ஒரே சிலந்திக்கு இரண்டு மூன்று பெயர்கள் சேர்கின்றன. சேர்ந்தால் முந்தியதுதான் நிற்கும், பிந்தியது துணைப்பெயராகிப் பட்டியலின் அடியில் போய்விடும்.

புதியது என்று தெளிந்த பிறகு, பெயர் செல்லுபடியாக ஒரு சஞ்சிகையில் அச்சாக வேண்டும். முகநூலில் அறிவித்தால் பெயராகாது. புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். ஒரே ஒரு மாதிரியை மூலமாதிரியாக, அதாவது ஹோலோடைப்பாகக் குறித்து, அது எந்த நிறுவனத்தில் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கொடுப்பது முறை. மின்வடிவில் மட்டும் வரும் சஞ்சிகையாக இருந்தால் சூபேங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். 2012இல் சேர்ந்த விதி அது. இனப் பெயர் என்பது இறுதியில் அந்த ஒரு மாதிரியோடு கட்டிய பெயர். நாளை யாராவது எல்லையை மாற்றி வகுத்தாலும், அந்த மாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ பெயரும் அந்தப் பக்கம் போகும். பெயரின் பொருள் பொருந்தாமல் போனாலும் பெயர் மாறாது.

வடிவத்துக்கு வருவோம். பெயரை இலத்தீன் எழுத்தில் மட்டுமே எழுத முடியும். மேற்குறியோ கீழ்க்குறியோ கூடாது, ஆகவே ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு காட்ட வழி இல்லை. 'பட்டிக்கலோவென்சிஸ்' என்று பண்புச்சொல்லாக்கலாம். 'மட்டக்களப்பு' என்று ஊர்ப்பெயரை அப்படியே அருகில் வைக்கலாம், மஸ்கெலியாவைப்போல. என் விருப்பம் இரண்டாவதே. முடிவு மாறாது, சாதி மாறினாலும் பெயர் அப்படியே நிற்கும், உள்ளூரில் வாயால் சொல்லும் வடிவமும் அதுதான். அதே சாதியில் அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கக்கூடாது. வேறு சாதியில் இருந்தால் தடை இல்லை. தன் பெயரைத் தானே வைப்பதை விதி தடுக்கவில்லை, ஆனால் மதிப்புள்ள எவரும் செய்வதில்லை. சேகரித்துக் கொடுத்தவரின் பெயரை ஆய்வாளர் வைப்பதுதான் முறை, அது நடக்கவும் செய்கிறது. எழுத்துக்கூட்டல் மட்டும் மிகுந்த கவனம் வேண்டிய இடம். தட்டச்சுப் பிழை என்று அந்தக் கட்டுரையிலேயே தெளிவாகத் தெரிந்தால் திருத்தலாம். ஊர்ப்பெயரை வேற்றெழுத்தில் பிழையாகப் பெயர்த்திருந்தால் விதி அதைப் பிழையாகவே கருதாது, முதலில் அச்சான வடிவம்தான் என்றைக்கும். ஆகவே கட்டுரை சஞ்சிகைக்குப் போகும் முன், ஊர்ப்பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.